முடியாமல் போனதையும் முழுதாக எழுதுங்கள்

மஃரிப் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார் எங்கள் சொந்தக்காரப் பையன். பையன் என்று சொன்னாலும் நாற்பது வயது. ஹாங்காங்கில் வேலை. உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு வந்திருந்தார்.

“காக்கா, உம்மாவுக்கு மஞ்சக்காமாலை. பித்தக் கொழாய்ல கல்லுன்டு கேமரா உட்டுப் பாத்தாஹ. எடுக்க முடியலேன்டு சொல்லிட்டாஹ. வேற ஊருக்குக் கொண்டுபோகச் சொல்றாஹ. இதுல என்ன எழுதிருக்குன்டு பாருங்கோ.”

உறையைப் பிரித்தேன். பில் மட்டும் நாலு பக்கம். கையுறை எத்தனை ஜோடி, ஊசிக்குழல் எத்தனை, பஞ்சு, பிளாஸ்திரி, எக்ஸ்ரே மருந்து எத்தனை மில்லி என்று ஒன்று விடாமல் கணக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரே பக்கம். அதில் நான் தேடிய விஷயம் ஒரே வரி: இ.ஆர்.சி.பி. முயற்சி செய்யப்பட்டது, பித்தநாளத்துக்குள் நுழைய இயலவில்லை, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.

அவ்வளவுதான். பஞ்சுக்குக் கிடைத்த இடம்கூட அந்த அம்மாவின் வயிற்றுக்குள் நடந்த முக்கால் மணி நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. இதே வரியைப் பல ஊர் லெட்டர்பேடில் படித்திருக்கிறேன். ஒருவரைக் குற்றம் சொல்லி முடித்துவிடும் காரியம் இல்லை இது.

நான் டாக்டர் இல்லை. எண்டோஸ்கோபி அறையில் 24 வருஷம் டெக்னீஷியனாக நின்றவன். சென்னையில் பாதிக்கு மேல், மீதி ஜித்தாவில். இப்போது காயல்பட்டினத்தில் ஓய்வு. ஊரில் யாருக்காவது வயிற்றுக்குள் குழாய் விட்டார்கள் என்றால் ரிப்போர்ட் எப்படியும் என் திண்ணைக்கு வந்துவிடும். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை என்னிடம் கேட்பார்கள். பதில் தெரிந்தால் சொல்வேன், இல்லாவிட்டால் டீ கொடுத்து அனுப்புவேன்.

எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்துக்குள் நுழைந்து கல்லை எடுக்கிற இந்த இ.ஆர்.சி.பி. சிகிச்சையில் டெக்னீஷியன் சும்மா நிற்கிற ஆள் இல்லை என்பது வெளியே பலருக்குத் தெரியாது. எண்டோஸ்கோப் டாக்டர் கையில். அதன் வழியாக உள்ளே போகிற வயரின் மறுமுனை எங்கள் கையில். மிகத் தடித்ததே ஒரு மில்லிமீட்டர் வராது. 0.035 அங்குலம் ஒன்று, அதைவிட மெல்லிய 0.025 அங்குலம் இன்னொன்று. நுனி தண்ணீர் பட்டதும் அயிரை மீன் மாதிரி வழுக்கும். டாக்டர் பித்தநாளத்தின் வாசலைப் பார்த்துக் குழாயைத் திருப்பி வைப்பார். “மெதுவா… மெதுவா… நிறுத்து… பின்னால வா” என்பார். நாங்கள் விரல் நுனியில் தள்ளுவோம், இழுப்போம், உருட்டுவோம். உள்ளே தட்டுகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்பது முதலில் தெரிவது எங்கள் விரலுக்குத்தான். திரைக்கு அடுத்தபடிதான் தெரியும்.

அன்றைக்குப் பையனிடம் அந்த பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். “களறிச் சாப்பாட்ட உம்மா உடலே, அதான் கல்லு” என்று அவர் தொடங்கினார். கல்யாண வீட்டு நெய்ச்சோற்றின் மேல் பழி போடுவது எங்கள் ஊரில் வழக்கம். கொழுப்புக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரயில்வே டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1968-ல் வெளியிட்ட ஆய்வில், ரயில்வே ஊழியர்களிடையே பித்தப்பைக் கல் தெற்கைவிட வடக்கே பல மடங்கு அதிகம் என்று கண்டார். நெய்ச்சோறு ஒன்றே காரணமாக இருந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வயிற்றில் கல்லோடுதான் நடந்துகொண்டிருப்போம்.

பித்தப்பையில் இருக்கிற கல் வேறு, அங்கிருந்து நழுவிப் பித்தநாளத்தில் வந்து அடைத்துக்கொண்ட கல் வேறு. முதலாவதை லேப்ராஸ்கோப்பில் பித்தப்பையோடு எடுத்துவிடலாம். இரண்டாவதுதான் பொல்லாதது. ஈரலிலிருந்து வருகிற பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் இரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு வரும், மலம் வெளிறும், உடம்பெல்லாம் அரிக்கும். இதற்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அடைத்த கல் இலைச்சாறுக்கு நகராது. மஞ்சளோடு வயிற்று வலியும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் பித்தநாளத்தில் சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓதிப் பார்க்கிறவர்கள் வண்டியில் வைத்தே ஓதிக்கொள்ளலாம்.

பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்துக்குப் பாப்பிலா என்று பெயர். முன்சிறுகுடலின் சுவரில், பட்டாணி அளவுக்குப் புடைத்து நிற்கும் ஒரு காம்பு. சாதாரண எண்டோஸ்கோப் முன்னால் பார்க்கும். அது இந்தக் காம்பைத் தாண்டிப் போய்விடும். இதற்கென்றே பக்கவாட்டில் கண் வைத்த எண்டோஸ்கோப் உண்டு. தெருவில் நேராக நடக்கிறவனுக்கு முடுக்கு வாசல் தெரியாது, பக்கவாட்டில் திரும்பினால்தான் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: முடுக்கு என்றால் எங்கள் ஊரில் பெண்கள் புழங்குகிற சந்து. தெருப்பக்கம் ஆண்களுக்கு, முடுக்குப் பக்கம் பெண்களுக்கு.

சிக்கல் இதுதான். பாப்பிலாவின் வாசல் ஒன்று. அதில் நுழைந்த உடனே இரண்டு நடை. ஒன்று மேலே ஏறி ஈரலுக்குப் போகிறது, அதுதான் பித்தநாளம். இன்னொன்று குறுக்கே கணையத்துக்குப் போகிறது. நமக்கு வேண்டியது முதல் நடை. வயர் பல நேரம் இரண்டாவதில் போய் நிற்கும். எக்ஸ்ரே திரையில் பார்த்தால் தெரியும்: முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறினால் பித்தநாளம், முதுகெலும்பைத் தாண்டிக் குறுக்கே போனால் கணையம். தெரியாமல் பெண்கள் பக்கம் கால் வைத்துவிட்ட விருந்தாளி கனைத்துக்கொண்டு திரும்பிவிடுவார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரே மூன்றாவது முறையும் அங்கே வந்து நின்றால் வீட்டில் ரகளைதான். கணையமும் அப்படித்தான். ஒரு தடவை பொறுக்கும். திரும்பத் திரும்பக் குத்தினால் வீங்கி, தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்பது அது.

இந்த வாசலை ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் வாட்டர் 1720-ல் விவரித்தார். அதைத் திறந்து மூடுகிற தசை வளையத்தை இத்தாலியில் மாணவராக இருந்தபோதே ஓடி என்பவர் 1887-ல் எழுதினார். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தது அமெரிக்காவில் மெக்கூன், 1968-ல். மல்ஹோத்ராவின் ஆய்வு வந்த அதே வருஷம். மெக்கூனுக்கு உள்ளே நுழைய முடிந்ததைவிட முடியாமல் போனதுதான் அதிகம். அதை மறைக்காமல் எழுதினார். அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள்தான் கருவியைத் திருத்தினார்கள். 1974-ல் ஜப்பானில் கவாய், ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் ஆகியோர் தனித்தனியாக அந்தத் தசை வளையத்தை உள்ளிருந்தே வெட்டிக் கல்லை இறக்கினார்கள். அதுவரைக்கும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவைக்குத் தனித்துறையை உருவாக்கிய என். ரங்கபாஷ்யம் காலத்து நோயாளிகளுக்கு, வயிற்றிலிருந்து வெளியே தொங்கும் ‘டி’ வடிவக் குழாய் நன்றாக நினைவிருக்கும்.

இன்றைக்கு அனுபவமுள்ள டாக்டர் ஒருவர், முன்பு கைபடாத பாப்பிலாவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உள்ளே போய்விட வேண்டும் என்பது அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கம் வைத்திருக்கும் அளவுகோல். அப்படியானால் மிகத் திறமையானவர் கையிலும் ஒன்றிரண்டு போகாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆயிரம் டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரடி ஒளிபரப்புப் பட்டறைகளில், உலகப் புகழ் பெற்ற கைகள் இருபது நிமிஷம் போராடிவிட்டு, “எனக்கு வரவில்லை, நீங்கள் பாருங்கள்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் குழாயைக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரங்கில் கைதட்டினார்கள்.

எப்போது ‘கஷ்டம்’ என்று ஒத்துக்கொள்வது? ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் 2016-ல் எல்லை கட்டிக் கொடுத்தது. பாப்பிலாவை ஐந்து முறைக்கு மேல் தொட்டாயிற்று, அல்லது ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று, அல்லது வேண்டாத கணைய நாளத்துக்குள் ஒரு முறைக்கு மேல் போயாயிற்று. இந்த மூன்றில் ஒன்று நடந்தாலே கஷ்டமான வாசல். அதே வழியில் முட்டிக்கொண்டிருக்காமல் வழியை மாற்ற வேண்டும்.

சென்னையில் என்னை உருவாக்கிய மூத்த டாக்டருக்கு இந்த எண்கள் அச்சில் வருவதற்கு முன்பே ஒரு பழக்கம் இருந்தது. பாப்பிலா திரையில் வந்ததும், “கடிகாரத்தை நீ பாரு. அஞ்சு நிமிஷம் ஆனா சத்தமா சொல்லு” என்பார். லெட் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, கையில் வயரைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “சார், அஞ்சு” என்பேன். அந்தச் சத்தத்துக்கு அவர் கட்டுப்பட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குழாயைப் பாப்பிலாவிலிருந்து விலக்கி, பின்னால் வந்து, ஒரு மூச்சு விட்டு, “இப்ப என்ன செய்யலாம்?” என்பார். கேள்வி அறைக்குத்தான், பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். இன்னொரு இடத்தில், பழக்க தோஷத்தில் நான் “அஞ்சு” என்றதற்கு, “உன்னைக் கேட்டேனா?” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அங்கே நான் கடிகாரம் பார்த்ததில்லை.

வழியை மாற்றுவதில் என்னென்ன உண்டு என்று பையன் கேட்டார். வயர் கணையத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போகிறதென்றால் அதை உருவ வேண்டாம், அங்கேயே விட்டுவிடலாம். அந்த நடையை அது அடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே இரண்டாவது வயரை விட்டால் அது மற்ற நடையில் ஏற வாய்ப்பு அதிகம். இரட்டை வயர் முறை என்போம். எதிரியையே வழிகாட்டியாக வைத்துக்கொள்கிற இந்தத் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முடித்து வரும்போது கணைய நாளத்தில் ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துவிட்டு வந்தால் வீக்கம் வந்தாலும் சாறு வடிய வழியிருக்கும். அது பெரும்பாலும் சில நாளில் தானே நழுவிக் குடலோடு போய்விடும்.

அதுவும் வராவிட்டால் ஊசி மாதிரியான மின்கத்தியால் பாப்பிலாவின் கூரையை மெல்லக் கீறி, பித்தநாளத்தை மேலிருந்து திறப்பது. ப்ரீகட் என்பார்கள். பழைய நாளில் இதைக் கடைசி ஆயுதமாக வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் குத்திக் குத்தி வீங்க வைத்துவிட்டுப் பிறகு கத்தியை எடுப்பார்கள். கணையம் கெட்டால் பழி கத்தி மேல் விழும். பிறகு வந்த ஆய்வுகள், பழகிய கையால் சீக்கிரமே கீறினால் ஆபத்து கூடுவதில்லை, அதற்கு முந்தைய நீண்ட குத்தல்தான் பெருங்கேடு என்று காட்டின. ‘பழகிய கை’ என்ற வார்த்தையை மறந்துவிடக் கூடாது. பழகாத கையில் அந்தக் கத்தி குடலைத் துளைத்துவிடும், இரத்தம் கொட்டும்.

வயதானவர்களுக்கு இன்னொரு தொல்லை. பாப்பிலாவுக்குப் பக்கத்தில் குடல் சுவர் பை மாதிரி உள்வாங்கியிருக்கும். சில பேருக்குப் பாப்பிலா அந்தப் பையின் விளிம்பில், சில பேருக்கு உள்ளேயே ஒளிந்திருக்கும். சின்ன இடுக்கியால் சுவரைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பலிக்காவிட்டால் எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்டால் பித்தநாளத்தை மேலே ஊசியால் குத்தி வயரை அங்கிருந்து கீழே இறக்குவது, அல்லது விலாவுக்குக் கீழே ஈரல் வழியாக வயர் விடுவது. மேலிருந்து வருகிற வயர் வாசலில் தலை நீட்டும், கீழே காத்திருப்பவர் பிடித்துக்கொள்வார். கடைசியில் அறுவை இருக்கவே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, செய்வதற்கே ஒன்றும் இல்லாத ஒரு முறை. நிறுத்திவிட்டு வருவது. காய்ச்சல், சீழ் போன்ற அவசரம் இல்லாவிட்டால் இரண்டு முதல் நாலு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். ப்ரீகட் செய்த இடத்தில் வீக்கம் வடிந்து வாசல் தானே தெரிந்துவிடும். முதல் நாள் முக்கால் மணி நேரம் வராத வயர், மூன்றாம் நாள் முதல் தொடுகையிலேயே சர்ரென்று ஏறியதை என் விரல் பலமுறை உணர்ந்திருக்கிறது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். சென்னை, இரவு நேரம், அவசர கேஸ். முப்பத்து நாலு வயது ஆட்டோ ஓட்டுநர். இரண்டு முறை வயர் கணையத்துக்குள் போயாயிற்று. மூன்றாவது தடவை டாக்டர் “நிறுத்து” என்றார். என் விரலுக்கு வயர் வழுக்குவது போல இருந்தது. உள்ளே ஏறிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளிவிட்டேன். திரையில் வயர் முதுகெலும்பைத் தாண்டிக் குறுக்கே போயிருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. விடிவதற்குள் அவருக்கு வலி தொடங்கிவிட்டது. கணைய அழற்சியோடு 19 நாள் படுக்கையில் கிடந்தார். பில் கவுன்டரில் அவர் மனைவி நூறு ரூபாய்க் கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்ததைக் கடந்துதான் நான் டீ குடிக்கப் போவேன். “அவருக்கு உடம்பு வாகு அப்படி” என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ரிப்போர்ட்டில் மூன்று முறை கணையத்துக்குள் போன விஷயம் இல்லை. நான் எழுதச் சொல்லவும் இல்லை.

எழுதியிருந்தால் வலி குறைந்திருக்காது, தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு நாளைக்கே மறுபடி கல் வந்து இன்னொரு ஊரில் படுத்தால், அந்த டாக்டர் முதல் தொடுகையிலிருந்தே ஜாக்கிரதையாக இருந்திருப்பார். ஆசனவாயில் வைக்கும் மருந்தை மறக்காமல் வைத்திருப்பார். அந்த மருந்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2012-ல் அமெரிக்காவில் 602 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, எல்லோரும் ஆபத்து அதிகமுள்ளவர்கள். ஆசனவாயில் இண்டோமெதசின் வைத்தவர்களில் 9.2 சதவீதம் பேருக்குத்தான் கணைய அழற்சி வந்தது. வைக்காதவர்களில் 16.9 சதவீதம். இப்போது டைக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் வைக்கிறார்கள். நம்மூர் மெடிக்கலிலேயே கிடைக்கிற மலிவான மாத்திரை. சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். அந்தப் பையனுடைய உம்மாவின் நாலு பக்க பில்லில் கையுறையெல்லாம் இருந்தது. இது இருந்ததா என்று இரண்டு முறை தேடினேன், இல்லை. வைக்கவில்லையா, எழுதவில்லையா, யாரைக் கேட்பது?

எங்கள் வாப்பா கொழும்பில் கல் வியாபாரம். வயிற்றுக் கல் இல்லை, நீலக்கல், புஷ்பராகம். ஒவ்வொரு கல்லையும் ஒரு காகிதத்தில் ஐந்து மடிப்பாக மடித்து வைப்பார். மேல் மடிப்பில் பென்சிலால் எத்தனை கேரட் என்று எழுதுவார். உள்ளே கீறல் இருந்தால் அதற்கென்று ஒரு குறி. வாங்க வருகிறவர் லென்ஸை எடுப்பதற்கு முன்னால் மடிப்பைத்தான் பார்ப்பார். கீறல் குறி போட்ட கல்லுக்கு விலை குறையும். ஆனால் குறி இல்லாத கல்லை அவர்கள் வாப்பாவிடம் பேரம் பேசாமல் எடுத்துப் போவார்கள். நம் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் மேல் மடிப்பு காலியாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பாப்பிலா எப்படி இருந்தது, பைக்குள் ஒளிந்திருந்ததா என்று ஒரு வரி. எத்தனை முறை தொட்டோம், எத்தனை நிமிஷம், வயர் எத்தனை முறை கணையத்துக்குள் போனது என்று ஒரு வரி. ப்ரீகட் செய்தோமா, கணையத்தில் ஸ்டென்ட் வைத்தோமா, மாத்திரை வைத்தோமா என்று ஒரு வரி. ஏன் நிறுத்தினோம், அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வரி. ஆக நாலு வரி. டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தால் டாக்டருக்கு இரண்டு நிமிஷ வேலை.

இதற்கு டாக்டர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். “எழுதிக் கொடுத்தால் அதையே எடுத்துக்கொண்டு கேஸ் போடுவார்கள். ஆள் சேர்த்துக்கொண்டு வந்து கண்ணாடியை உடைப்பார்கள்.” இந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். கண்ணாடி உடைந்த ராத்திரியில் நானும் அறைக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனைகள் மேல் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால் நிலைமை அப்படி. ஆனாலும் என் அனுபவத்தில், ஆத்திரம் கிளம்புவது மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில்தான். ‘ஐந்து முறை தொட்டோம், கணையத்துக்குள் இரண்டு முறை போனது, அதனால் ஆபத்து என்று நிறுத்திவிட்டோம்’ என்று தாளில் இருந்தால் அது டாக்டரின் நிதானத்துக்குச் சாட்சி. வழக்கு வந்தாலும் முதலில் அவரைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான். வெறும் ‘இயலவில்லை’ யாரையும் காப்பாற்றாது.

இன்னொரு பதிலும் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். எழுதினால் எண்ணிக்கை வெளியே தெரிந்துவிடும். மாதத்துக்கு இரண்டு செய்கிறவர் யார், வாரத்துக்குப் பத்து செய்கிறவர் யார் என்று ஊருக்குத் தெரியும். தெரியட்டுமே. 2,347 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1996-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்கிற டாக்டர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று காட்டியது. நம் மக்கள் ஒரு கொத்தனாரைப் பிடிப்பதற்கே அவர் கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார்கள். இ.ஆர்.சி.பி.க்குக் கையெழுத்துப் போடும்போது, “டாக்டர், இது நீங்க மாசத்துக்கு எத்தனை பண்றீங்க? போகலைன்னா அடுத்து என்ன?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்து நான் பார்த்ததில்லை.

அரசும் ஒன்று செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கோரும்போது மருத்துவமனைகள் படமும் ரிப்போர்ட்டும் இணைக்கின்றன. அந்தப் படிவத்தில் இந்த நாலு வரிக்கும் நாலு கட்டம் போட்டுவிட்டால் போதும். பணத்துக்காகவாவது எழுதுவார்கள். தனியாகச் சட்டமெல்லாம் வேண்டியதில்லை.

அந்த உம்மாவை நெல்லைக்குக் கொண்டு போனார்கள். காய்ச்சல் இல்லாததால் அங்கே மூன்று நாள் காத்திருந்து திரும்பக் குழாய் விட்டார்கள். பாப்பிலா குடல் பைக்குள் ஒளிந்திருந்தது. முதல் இடத்தில் இதைப் பார்த்திருப்பார்கள், பார்க்காமல் முக்கால் மணி நேரம் போராடியிருக்க முடியாது. ஆனால் எழுதவில்லை. இரண்டாவது டாக்டர் அதைத் தானே கண்டுபிடித்து, வேண்டிய இடுக்கியை வெளியிலிருந்து வரவழைக்கும்வரை உம்மா மேசையிலேயே மயக்கத்தில் கிடந்தார்கள். நல்லவேளை, வயர் ஏறியது. பெரிய கல்லை விட்டு, சின்னதை எடுத்து, பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்குள் வந்து எடுக்க வேண்டும் என்று வாயால் சொன்னார்களாம். ஸ்டென்ட் இருப்பதையே மறந்து, அது அடைத்துச் சீழ் பிடித்த பிறகு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கறுப்பு மார்க்கரை எடுத்து, ஃபைலின் அட்டையில் எடுக்க வேண்டிய தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பையன் ஹாங்காங் திரும்பிவிட்டார். அந்தத் தேதியை இப்போது நானும் என் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வருகிறவரோ எழுதிக் கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். குழாய் விட்டு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினால், சண்டை போடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, இ.ஆர்.சி.பி. குறிப்பையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயர் ஏறாத நாளிலும் அந்த நாலு வரியை எழுதிக் கொடுங்கள். நீங்கள் தொட்ட அதே வாசலை, இரண்டு நாளில் இன்னொருவர் இருட்டறையில் தொடப் போகிறார்.